தொங்கினால் ஃபெயில்

கால் கட்டை விரல்கள் இரண்டும் சேர மறுத்தன. ராமசாமி மூன்றாவது தடவையாகத் துணிக் கிழிசலைச் சுற்றி இறுக்கிவிட்டுக் கையை எடுத்தார். அண்ணனின் வலது பாதம் மெல்லத் திரும்பி, முடிச்சிலிருந்து நழுவி, பழையபடி சுவரைப் பார்த்தது.

"இதுலயும் அடங்க மாட்டன்றாரே அண்ணன்," என்றார் ராமசாமி. குரல் உடைந்திருந்தது. ஆனாலும் அதில் பாதி சிரிப்பு.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ராஜாம்பாள் எழுந்து வந்தாள். "தள்ளுங்க தம்பி. அது அப்பிடி நிக்காது."

புருஷனின் பாதங்களை அவளுக்குத் தெரியும். ஒரு நம்பர் சின்னதாக வாங்கிய கேன்வாஸ் ஷூவுக்குள் திணித்து, பாறை வெடிப்புகளில் செருகிச் செருகி, கட்டை விரல்கள் இரண்டும் பக்கத்து விரல்மேல் சாய்ந்து காய்த்துப்போயிருந்தன. ஒவ்வொரு விரலுக்கும் தனியே ஒரு சுற்றுப் போட்டு, நடுவில் குறுக்கே இரண்டு சுற்று ஓட்டி இறுக்கினாள். குறுக்குச் சுற்று விழுந்தால்தான் எந்தக் கட்டும் நிற்கும் என்று சொல்லிக்கொடுத்தவர் பேசாமல் படுத்திருந்தார். பாதங்கள் சேர்ந்து நின்றன.

"பாத்தியா, அவ கட்டுனாதான் நிக்கிறாரு," என்றாள் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள், மூக்கைச் சிந்தியபடி. "ஊர்ல அவளவ புருஷன முந்தானையில முடிஞ்சி வச்சிக்கிறா. இவ ஒருத்திதான் புருஷன கயித்துல முடிஞ்சி வச்சிக்கினு இருந்தா."

கச்சிராயபாளையத்தில் இது பழைய கிண்டல். கேட்ட பெண்கள் இரண்டு பேர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். சிரித்தார்களா அழுதார்களா என்று தெரியவில்லை.

ராஜாம்பாளின் புருஷன் பொன்னுரங்கம் பட்டாளத்திலிருந்து திரும்பியபோது டிரங்குப் பெட்டியோடு ஒரு நைலான் கயிறும் வந்தது. காஷ்மீர்ப் பக்கம் பாறை ஏறப் பழக்கியிருந்தார்கள். ஊருக்கு வந்து கோமுகி வாய்க்காலடியில் கரும்பு போட்டார். கரும்பு தன்பாட்டுக்கு வளர்கிற நாட்களில் கல்வராயன் மலையடிவாரத்துப் பாறைகளில் ஏறினார். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டவர்களிடம், "வரப்பு மேல நடந்து நடந்து போரடிக்குதுப்பா," என்பார். அதற்கு மேல் யாரும் அவர் வாயிலிருந்து வாங்கியதில்லை.

கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். கூப்பிட்ட ஆண்கள் ஒருநாள் வந்தார்கள், அடுத்த நாள் வேறு வேலை இருந்தது. பிள்ளையில்லாத வீட்டில் மிச்சம் இருந்தவள் ராஜாம்பாள். அவர் கனத்த ஆள், அவள் ஒல்லி. ஆகவே பாறையடியில் ஒரு புங்க மரத்தோடு சேர்த்து அவளைக் கட்டினார். கயிற்றை அவள் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு கையிலும் கொடுத்தார்.

"நான் ஏற ஏற விட்டுக்கினே இரு. விழுந்தா மட்டும் விடாத. அவ்ளோதான் வேல."

"விழுவீங்களா?"

"விழாம எவன் ஏறுனான்?"

போகிற வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லிலும் வேரிலும் கயிற்றுத் துண்டுகளைக் கட்டி, அவற்றின் வழியே தன் கயிற்றை விட்டுக்கொண்டு போவார். பாறையைக் கட்டிப்பிடிக்க மாட்டார். உடம்பைத் தள்ளி வைத்து, காலில் நின்று, ஒரு கையோ ஒரு காலோ மட்டும் நகரும். மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கும். வாய் மட்டும் ஓயாது. ஆலையிலிருந்து கரும்பு வெட்டு ஆர்டர் வராதது, கொளஞ்சியம்மாளின் ஆடு மேய்ந்துவிட்டுப் போன அகத்தி எல்லாம் பாறைமேலிருந்துதான் அவளிடம் வந்து சேரும். பேச்சு நின்றால் அவருக்குப் பயம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ராஜாம்பாள் கயிற்றை இறுக்கிக்கொள்வாள்.

பயமில்லாத ஆளா என்றால், இல்லை. "எனக்கும் நடுக்கம்தான்," என்பார். "நடுங்காதவன் கூட கயித்துல கட்டிக்கவே கூடாது."

பாறைகளுக்கு அவரே வகுப்பு வைத்திருந்தார். பிள்ளைகள் ஏறி விளையாடுவது பால்வாடி. கை ஊன்றாமல் ஏறிவிடக்கூடியது மூணாம் கிளாஸ். எட்டாம் கிளாஸ் பாறை வரைக்கும் அவர் பாஸ். பள்ளிக்கூடத்திலும் அதுதான் கணக்கு. கோமுகி அணைக்கு மேற்கே நின்ற நெட்டையன் பாறை மட்டும் பத்தாம் கிளாஸ். உச்சிக்குச் சற்றுக் கீழே அது தொப்பை மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அந்தத் தொப்பைக்கு அடியில் போனதும் அவர் பேச்சு நின்றுவிடும்.

சட்டம் ஒன்றே ஒன்று. கயிறு விழுகிறவனைப் பிடிப்பதற்கு, ஏற்றிவிடுவதற்கு இல்லை. ஒரு நொடி அதில் பாரத்தைப் போட்டுவிட்டாலும் அந்தப் பாறையை ஏறினேன் என்று வெளியே சொல்லக் கூடாது. தொங்கினால் ஃபெயில். ஒருமுறை தொப்பையிலிருந்து கை நழுவி விழுந்தபோது கயிறு ராஜாம்பாளின் இடுப்புத் தோலை உரித்துக்கொண்டு ஓடி நின்றது. புங்க மரம் இலை உதிர்த்தது. ஆகாயத்தில் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்த மனிதர் முதலில் சொன்ன வார்த்தை, "ஃபெயில்." இரண்டாவதாகத்தான், "உனுக்கு ஒண்ணும் ஆவலியே?"

வெளியே மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள்.

எண்பத்தேழு புரட்டாசி. இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கி மூன்றாவது நாள். கள்ளக்குறிச்சி சாலையில் புளிய மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, பேப்பர் இல்லை. வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்த செய்தி சைக்கிளில் வந்து சேர்ந்திருந்தது. ராமசாமியின் மகன் வெற்றிவேல்தான் இந்த ஊர்ப் பையன்களுக்கு முன்னால் நிற்பவன். நல்ல மார்க் வாங்கியும் பாலிடெக்னிக்கில் சீட் கிடைக்காமல் ஒரு வருஷம் அப்பனோடு மாடு ஓட்டியவன். பெரியப்பாவுக்குச் செல்லம்.

காலையில் பொன்னுரங்கம் மறியலைப் பார்க்கப் போனார். பையன்கள் ஒரு பெரிய கிளையைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போட்டிருந்த முடிச்சைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, அவிழ்த்துத் தானே போட்டுக்கொடுத்தார். சாய்ந்து கிடந்த மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து அவர்கள் கொடுத்த டீயைக் குடித்தார். அந்தப் பக்கம் ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்று, கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் திரும்பிப் போனது. அவர் இறங்கி வீட்டுக்கு வந்தார். வந்த கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்தது. இதற்கு மேல் நடந்ததாக வந்ததெல்லாம் வாசல் வழியாகத்தான் வந்தது. முதலில் அழ வந்தவர்கள், ஜீப்பைப் பார்த்த அதிர்ச்சி என்றார்கள். பிறகு வந்தவர்கள், போலீஸ் பிடித்துத் தள்ளிவிட்டது என்றார்கள். கடைசியாக மேலத் தெருவிலிருந்து வந்த பெரியநாயகி, "லத்தியால நெஞ்சுலயே குத்துனாங்களாமே, பாவிங்க," என்று மாரில் அடித்துக்கொண்டாள். ராஜாம்பாள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். பொய் சொல்கிற முகம் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் யாரோ சொன்னதைத்தான் சொன்னார்கள்.

வெயில் உச்சியைத் தாண்டியபோது வெற்றிவேல் உள்ளே வந்து அவளருகே குந்தினான். மூன்று நாளாகத் தூங்காத கண். கையில் மடித்த போராட்டக் கொடி.

"பெரிம்மா. பெரிப்பாவ இத போத்தித்தான் தூக்கறோம். நேரா போலீஸ் நிக்கிற எடத்துல கொண்டு போயி இறக்கப் போறோம். கலெக்டரு வர வரிக்கும் எடுக்க மாட்டோம்."

"எதுக்கு?"

"அவங்க தள்ளுனதுலதான பெரிப்பா போனாரு."

"தள்ளுனத நீ பாத்தியா?"

"நான் ஜீப்பாண்ட பேசிக்கினு இருந்தேன். பசங்க பாத்திருக்கானுங்க."

"எந்தப் பையன்?"

வெற்றிவேல் வாசலைப் பார்த்தான். வாசலில் நின்ற பையன்கள் தரையைப் பார்த்தார்கள்.

"யாருனா பாத்திருப்பாங்க பெரிம்மா. முழங்கையில அடி கீதே, அது எப்பிடி வந்துது?" குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்குன்னு புள்ள குட்டி இல்ல. கொள்ளி நான் வப்பேன். என் காலத்துக்கு அப்பால பெரிப்பா பேர யார் சொல்லுவா? ரோட்டோரமா ஒரு கல்லு நடுவோம். வருஷா வருஷம் மால போடுவோம். தியாகின்னு பேரு நிக்கும்."



ராஜாம்பாளுக்கு ஆசை வந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது? பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிற இடத்தில் ஒரு கல், அதில் அவர் பேர். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு அவளுக்குப் படிப்பு உண்டு. புரட்டாசி தோறும் போய்க் கழுவிவிட்டு, மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு வரலாம். எந்தக் கிளாஸ் கல்லு என்று கேட்டிருப்பார் மனுஷன். அவள் புருஷனின் முழங்கையைப் பார்த்தாள். சிராய்ப்பில் அவள் வைத்த மஞ்சள் அப்படியே காய்ந்திருந்தது.

காலையில் அவர் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார். "ராஜாம்பா, கேளு இந்தக் கூத்த. உன் புருஷன் புளிய மரத்துலருந்து விழுந்துட்டான்."

"இன்னாது?"

"மறிச்சிப் போட்ட மரம்தான். இடுப்பு உயரங்கூட இல்ல. பால்வாடி மரம்! ஜீப் வந்துச்சின்னு பசங்க எல்லாம் அந்தப் பக்கம் ஓடிட்டானுங்க. நான் இறங்கறேன், கால் வழுக்கி இந்தப் பக்கம் வுழுந்தேன். நல்ல வேள, ஒருத்தனும் பாக்கல." முழங்கையை நீட்டினார். அவள் மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். "நீயும் எவங்கிட்டயும் சொல்லி வைக்காத. மானம் பூடும்."

"ஏன் இப்பிடி வேர்த்துக் கெடக்குது?"

"வெயிலு."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் திரும்பி அடுப்பைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் அவர் பேசிக்கொண்டிருந்தார். ரோடு திறந்ததும் வெட்டு ஆர்டர் வந்துவிடும், அதற்குள் மேலண்டைக் கொல்லைக்கு ஒரு தண்ணி கட்டியாக வேண்டும், இந்தத் தடவை ராமசாமியின் மாட்டை நம்பாமல்...

பேச்சு நின்றது.

அவள் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பெரிம்மா," என்றான் வெற்றிவேல். "தூக்கற நேரமாயிட்டுது."

"வெற்றி, நெட்டையன் மேல நின்னுக்கினு நீ கயிறு வுட்ட பாரு. ஞாபகம் கீதா?"

அவன் முகம் சுருங்கியது. "இப்ப எதுக்கு அது?"

ராமசாமி நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கதை ஊருக்கே தெரியும். பெரியப்பா தொப்பையடியில் படுகிற பாடு பொறுக்காமல் வெற்றிவேல் ஒருநாள் ஒரு உளியைக் கொண்டுவந்து நீட்டினான். ரெண்டு படி செதுக்கிட்டா முடிஞ்சுது என்றான். "உளி பட்டா அது படிக்கட்டுடா. படிக்கட்டு நம்ம வூட்டுலயே கீது," என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் அவன் பின்பக்கச் சரிவாகச் சுற்றி உச்சிக்குப் போய், அங்கிருந்து ஒரு கயிற்றை இறக்கினான். காவலுக்குத்தான் என்று சொல்லி அவரைக் கட்டிக்கொள்ள வைத்தான். தொப்பையில் அவர் தவித்து நின்ற நேரம் பார்த்து, கூட இருந்த இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு ஒரே இழுப்பு. பொன்னுரங்கம் நெட்டையன் உச்சியில் போய் விழுந்தார். ஊரே கைதட்டியது. பள்ளிக்கூட மேடையில் பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "நெட்டையன நான் ஏறல. இவன் ஏத்துனான். நான் இன்னும் ஃபெயில்தான்," என்று சொல்லி, கழுத்து மாலையைக் கழற்றி வெற்றிவேலுக்குப் போட்டுவிட்டு இறங்கினார். கூட்டம் சிரித்த சிரிப்பில் அவன் ஒரு மாதம் பெரியப்பா வீட்டுப் படியேறவில்லை. பிறகு அவனாகவே வந்து, கூழ் இருக்குதா பெரிம்மா என்று கேட்டான்.

"அன்னிக்கு மேலேருந்து இழுத்த," என்றாள் ராஜாம்பாள். "இன்னிக்கும் மேலேருந்துதான் இழுக்கற. அன்னிக்கு அவரு உசுரோட இருந்தாரு, இல்லன்னு சொன்னாரு. இன்னிக்கு யாருடா சொல்றது?"

"பெரிம்மா, தள்ளி..."

"யாரும் தள்ளல." அவள் எழுந்து நின்றாள். மேளக்காரர்கள் கையை நிறுத்தினார்கள். "எல்லாரும் கேட்டுக்கோங்க. அவரு தானாதான் விழுந்தாரு. மரத்துலருந்து இறங்கறப்ப கால் வழுக்கி. வந்து என்கிட்ட சிரிச்சிக்கினே சொன்னாரு. எவங்கிட்டயும் சொல்லாத, மானம் பூடும்னாரு. பால்வாடி மரம்னாரு."

வாசலில் ஆடு ஒன்று கத்தி அடங்கியது. பிறகு பையன்கள் நடுவிலிருந்து ஒரு கனைப்பு. அன்புச்செல்வன். வாயைப் பொத்திக்கொண்டிருந்தான், தோள்கள் குலுங்கின. "பால்வாடியா?" என்றார் ராமசாமி. "எங்க அண்ணனா?" அவருக்கும் பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு வாசலிலிருந்து உள்ளே வந்து பெண்களிடம் போய், அங்கே அழுகையாக மாறி, அன்று முழுக்க வராத அளவுக்குப் பெரிதாக எழுந்தது. கொளஞ்சியம்மாள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

வெற்றிவேல் மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

ராஜாம்பாள் மறுபடி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சுட்டதுல செத்தவங்க குடும்பம் எங்கியோ அழுதுகினு கீது. அவங்க வரிசையில இவர கொண்டு போயி நிக்க வச்சா, இவருதான் தலைய தூக்கிக்கினு நிப்பாரா? போலீஸுக்கு முன்னாடி பொணத்த இறக்குனா உங்கள்ல எத்தினி பேரு திரும்பி வருவீங்க?"

அவன் கொடியின் மடிப்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். "அந்த மரத்த நான்தான் வெட்டுனேன் பெரிம்மா."

"தெரியும்."

"ரோடு இருந்திருந்தா டாக்டரு கார்ல வந்திருப்பாரு."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. காலையில் இவன்தான் சைக்கிளில் போய் டாக்டரைக் கூட்டிவந்தான். குறுக்கே கிடந்த ஒவ்வொரு மரத்தின்மேலும் பையன்கள் டாக்டரின் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக் கொடுத்தார்களாம். டாக்டர் வந்து, கையைப் பிடித்துப் பார்த்து, மாரடைப்பு என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றியபோது இவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது இப்போது அவள் கண்ணுக்கு வந்தது. இவனுக்குப் பெரியப்பாவை யாராவது தள்ளியிருக்க வேண்டும், இல்லையென்றால் பழி இவன் வெட்டிய மரத்துக்கு.

"இங்க பாரு," என்றாள். "பேசிக்கினே இருந்தாரு. ராமசாமி மாட்ட நம்ப முடியாதுன்னு சொல்லிக்கினு இருந்தாரு. பாதி பேச்சுல போயிட்டாரு. நான் திரும்பறதுக்குள்ள. டாக்டரு அடுத்த வூட்டுல குடியிருந்தாலும் அவ்ளோதான்." அதில் ஒரு சொல்லும் அவள் கூட்டிச் சொல்லவில்லை. "இத உனக்கோசரம் சொல்லல. நடந்தது இதான்."

வெற்றிவேலின் தலை அவள் மடியில் விழுந்தது. சின்னப் பிள்ளையில் விழுந்த மாதிரி, கனமாக. அவள் கையைத் தூக்கவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. அவன் அழுது முடிக்கும்வரை அப்படியே இருந்தாள்.

பிறகு அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கொடி?" என்றான்.

"நீங்க கேக்கறது நியாயம்னுதான் அவருக்கும் எண்ணம். இல்லன்னா உங்க கயித்துக்கு முடிச்சி போட்டுக் குடுப்பாரா? கூடவே புடிச்சிக்கினு வாங்க. மேல போத்தாதீங்க."

வாய்க்கரிசி போட்டு முடித்து, பாடையைத் தூக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. பெண்கள் தெருக்கோடி வரைக்கும்தான். அங்கிருந்து பார்த்தால் மெயின் ரோடும், குறுக்கே கிடந்த புளிய மரமும், மரத்துக்கு அப்பால் எட்டி நின்ற போலீஸ்காரர்களும் தெரிந்தார்கள். சுடுகாடு மரத்துக்கு அந்தப் பக்கம்.

மரத்தை நகர்த்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, பையன்களும் நகர்த்தவில்லை. நாலு பேர் அதன்மேல் ஏறிக் காலை அகட்டி நின்றுகொண்டார்கள். இன்னும் நாலு பேர் அந்தப் பக்கம் குதித்துக் கையை நீட்டினார்கள். "தலமாட்ட மொதல்ல வுடு," என்று ராமசாமியின் குரல் கேட்டது. "அவசரப்படாத. அவன் புடிச்சாச்சான்னு கேளுடா." மேளக்காரர்களும் மரத்தைத் தாண்ட வேண்டியிருந்ததால் சத்தம் நின்றிருந்தது. பாடை மரத்தின்மேல் ஏறி, ஒரு பக்கம் சாய்ந்து, ஆடி, கைகளுக்கு நடுவே அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

"வா ராஜாம்பா," கொளஞ்சியம்மாள் தோளைத் தொட்டாள். "தல முழுவணும்."

"இரு."

"இன்னும் இன்னாத்த பாக்கப் போற?"

ராஜாம்பாள் திரும்பவில்லை. மரத்துக்கு மேலே வெறும் தலைகள்தான் தெரிந்தன. வெற்றிவேலின் தலை எதுவென்று அடையாளம் தெரியவில்லை. யாரோ ஏதோ சொன்னார்கள், இன்னொருவர் சரி என்றார். பிறகு பாடை அந்தப் பக்கத்தில் மெல்ல எழுந்தது. முதலில் ஒரு மூலை. அப்புறம் இன்னொன்று. நாலு மூலையும் ஒரே மட்டத்துக்கு வந்து நின்று, நகர ஆரம்பித்தது. மேளம் அடித்தார்கள்.

"ம், வா," என்று சொல்லிவிட்டு அவளே முன்னால் நடந்தாள்.